குருட்டு மணி

கம்பிகளை மண்குழம்பில் தோய்த்துத் தோய்த்து மணல் நிறைத்த பால் டின்னில் குத்தி வைக்கிறேன், ஒன்று காய்வதற்குள் இன்னொன்று, அது காய்வதற்குள் மற்றொன்று. குளத்து வண்டலையும் சலித்த சாம்பலையும் கரைத்த குழம்பு இது, தண்ணியாக இருந்தால் கம்பியில் நிற்காது, கெட்டியாக இருந்தால் காயும்போது உதிரும், தோசை மாவுக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்ல வராது, எனக்கு எதையுமே வாயால் சொல்ல வராது. மண் பூசிய இந்தக் கம்பியின் மேல்தான் கண்ணாடியை உருக்கிச் சுற்றுவோம். மணி சாம்பல் சட்டிக்குள் கிடந்து மெல்ல ஆறியதும் மண் உதிர்ந்து கம்பி உருவி வரும், கம்பி இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டைக்கு எங்கள் தெருவில் கண் என்று பேர். கண் இருந்தால்தான் அது மணி. மண் பூச மறந்து வெறுங்கம்பியில் சுற்றிவிட்டால் கண்ணாடி கம்பியை விடாது, அதற்குக் கம்பி பிடித்த மணி என்று பேர், சுத்தியலால் உடைத்தால்தான் கம்பி திரும்பக் கிடைக்கும். சூட்டோடு நழுவி விழுந்து கண் அடைபட்டுப் போனதற்குக் குருட்டு மணி என்று பேர், அதை உடைக்கக்கூட மாட்டோம், வாசலில் வீசிவிடுவோம், பிள்ளைகள் கோலி ஆடும்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது பூராவும் இந்தச் சொற்களுக்குள்ளேயேதான் நடந்தது.

உப்பாறு கடலில் விழுகிற முகத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பாசிக்காரத் தெரு. இரண்டு சாரி வீடு, வீட்டுக்கு ஒரு மிதிதுருத்தி, துருத்திக்கு ஒரு சுடர். பிறக்கிற பிள்ளைக்குக்கூட கல்லின் பேரைத்தான் வைப்போம். நான் பவளம், என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு, பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா முத்தம்மா, எதிர்வீட்டில் மாணிக்கம் பெரியப்பா, என் மகள் மரகதம், அவளுக்கு இன்னும் பால் பல் விழவில்லை. தெருவில் எல்லோரும் சுற்றுவது உருண்டை மணி, வளையல் கடைக்கும் கோயில் கடைக்கும் போவது. நான் உருண்டை மணி போக மிச்ச நேரத்தில் உருவம் பிடிப்பேன். கண்ணாடி சுடரில் தேன் மாதிரி தொங்கும், தொங்கத் தொங்கக் கம்பியைத் திருப்ப வேண்டும், ஒரு மூச்சு நிறுத்தினால் ஒரு பக்கமாக வழிந்துவிடும், அந்த வழிசலைத்தான் மற்றவர்கள் தப்பு என்பார்கள், நான் அதைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுத் தவளைக்குத் தொண்டையாக, எறாவுக்கு முதுகாக, கண் திறக்காத அணில் குஞ்சுக்கு வயிறாகப் பிடித்து வைப்பேன். இடுக்கியால் ஒரு கிள்ளு, ஊசியால் ஒரு குத்து, மயிரிழையாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான், எறாவுக்கு மீசை வந்துவிடும். சொல்ல வராததெல்லாம் அதில் வந்துவிடும்.

"எறாவைக் கோத்துக் கழுத்துல போட்டா ஆம்பளையா பின்னால வருவான், பூனைதாண்டி வரும்" என்பாள் முத்தம்மா அக்கா.

"எம் பொண்டாட்டி பேசமாட்டா, அவ தவளை பேசும். ராத்திரி பூரா என்னை வையுது" என்பார் என் வீட்டுக்காரர். தெருவில் சிரிக்கிற ஆள் அவர்தான். சாவு வீட்டில்கூடப் பாடை கட்டுகிறவனை ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வாக்கப்பட்டேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆடிக் காற்று தொடங்கின ஒரு காலையில் மாணிக்கம் பெரியப்பா குழாயடியில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஊற்றின தண்ணீர் முதுகு வழியாகச் சாட்டை மாதிரி பீய்ச்சி, பின்னால் குடம் வைத்திருந்த அவர் சம்சாரம் கனகா பெரியம்மாவின் முகத்தில் அடித்தது.

"இன்னா மனுசா நீ, ஒழுவுறியே!" என்றாள் பெரியம்மா.

கிட்டப் போய்ப் பார்த்தோம். நெஞ்சுக்குழிக்கு மேலே சைக்கிள் போக்ஸ் கம்பி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் முதுகில் அதற்கு நேராக இன்னொன்று, ரத்தமில்லை, வலியில்லை, விளிம்பைச் சுற்றி வெள்ளையாக மண் தூள். காற்று வீசினபோது அவர் வாய் திறக்காமலே ஒரு ஊதல் வந்தது.

"கொஞ்ச நாளாவே அரிப்பு. வேர்க்குருன்னு பவுடர் போட்டுக்கினு இருந்தேன்" என்றார் அவர், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி துண்டால் மூடிக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், அவர் நெஞ்சு வழியாகப் பின்சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்து விளம்பரத்தை முழுசாகப் படித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லைங்கம்மா."

"மூச்சு வாங்குதா?"

"வாங்கலைங்கம்மா, ஊதுது."

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

முதலில் துண்டு போட்டு மறைத்தார்கள், பிறகு யாரிடமிருந்து மறைப்பது என்று ஆகிவிட்டது, ஆடி முடிவதற்குள் மாமியாருக்குத் திறந்து மருமகளுக்குத் திறந்து தொட்டில் பிள்ளைக்குத் திறந்து, என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே காலையில் திறந்து, தெரு முழுக்கக் கண்ணாகிவிட்டது. தையல்காரர் ரவிக்கைக்கு முன்னும் பின்னும் காஜா எடுத்துத் தைக்கப் பழகினார், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கு விடுவதுபோல் கண்ணுக்கும் ஒரு சொட்டு விட்டு ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தோம், சர்க்கரை எறும்பு ஏறாமல் விளிம்பில் மஞ்சள் தடவினோம், ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு குளவி சுற்றினால் ஓடிப்போய் உள்ளங்கையால் பொத்திக்கொண்டோம், பெண் பார்க்க வந்தவர்கள் கண் நேராகப் போகிறதா கோணலாகப் போகிறதா என்று ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தார்கள், கண் கோணலான பெண்ணுக்குப் பக்கத்து ஊரில் இரண்டாம் தாரமாகத்தான் இடம் கிடைத்தது, பஸ் கண்டக்டர் "ஓட்டைக்கு டிக்கெட் எடுத்தியாம்மா" என்று கேட்டதற்கு முதல் தடவை சண்டை போட்டோம், பிறகு நாங்களே சிரித்தோம். கடற்காற்று எழும்போது தெரு முழுக்க ஊதும், பெரியவர்களுக்குக் கட்டைக் குரல், பிள்ளைகளுக்குக் கீச்சுக் குரல், அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் பேசினால் கேட்காது, ஆகவே யாரும் பேசமாட்டோம், பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஏன் திறந்தது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. விளிம்பில் மண் தூள் இருந்ததை எல்லோரும் பார்த்தோம், அது எந்த மண் என்று எங்கள் விரலுக்குத் தெரியாதா.

"இத்தினி நாளா கம்பியில இருந்தோம், இப்ப உருவிட்டாங்க, அவ்ளோதான்" என்றார் என் வீட்டுக்காரர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கிற நேரத்தில் யாரோ ஒருவர், "சரி, மணிக்குக் கண்ணு எதுக்குடா?" என்று கேட்டார்.

அதற்கு எந்தப் பாசிக்காரனுக்கும் பதில் தெரியும். டீ கிளாஸை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மரகதத்துக்கு மட்டும் திறக்கவில்லை.

தினமும் குளிப்பாட்டும்போது அவள் நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன், சின்னக் கோழிக்குஞ்சு மாதிரி எலும்பு, அதன் மேல் தோல், தோலில் ஒரு மச்சம்கூட இல்லை. குழாயடியில் கனகா பெரியம்மா கேட்டாள்.

"இன்னும் தொறக்கலையா மே?"

"தொறக்கும் பெரியம்மா."

"எப்ப தொறக்கும்? நேத்துப் பொறந்ததுக்கெல்லாம் தொறந்தாச்சு. ஏ பொண்ணே, கவுனைத் தூக்கு, பாப்போம்."

மரகதம் கவுனைத் தூக்கித் தொப்புளைக் காட்டினாள். "எனக்கு இங்க இருக்கே!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. "அது பாதிக் கண்ணுடி, அந்தப் பக்கம் வராது" என்று முத்தம்மா அக்கா அவளைத் தூக்கிக் கொஞ்சினாள். ஆனாலும் சிரிப்பு அடங்கின பிறகு குடங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, பாவம் பார்க்கிற குரலாக, "குருட்டு மணி" என்றது. யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னது பொய்யாக இருந்தால் பார்த்திருப்பேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் நூல் வந்தது.

பனந்தோப்புப் பக்கமிருந்து, சேற்றில் ஒரு பொட்டுக்கூடப் படாமல், தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், பாம்பு மாதிரி அவசரப்படாமல் விருந்தாளி மாதிரி வந்தது. வெள்ளை நூல். நுனி மட்டும் ஈரமாக, கூராக, முறுக்கி இருந்தது, ஊசியில் கோப்பதற்கு முன்னால் எச்சில் தொட்டு விரலிடுக்கில் உருட்டுவோமே அப்படி. யாருடைய எச்சில் என்று யாரும் கேட்கவில்லை. மாணிக்கம் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றது. அவர் உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து முதுகைக் காட்டி நின்றார். முதுகில் நுழைந்து நெஞ்சில் வெளியே வந்தது. பெரியம்மா பாயசம் வைத்திருந்தாள், அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "ஒண்ணும் தெரியல, குளுகுளுன்னு இருக்கு" என்றார். பிறகு பெரியம்மா முதுகைக் காட்டினாள்.

அப்புறம் அது ஒரு சடங்காகிவிட்டது. நூல் எந்த வீட்டு வாசலுக்கு வருகிறதோ அந்த வீட்டில் வாழைமரம் கட்டினார்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டார்கள், வாசலில் செம்மண் கோலம் போட்டு நுனிக்கு ஆரத்தி எடுத்தார்கள். கோக்கப்பட்டவர்கள் ஊரை விட்டு எங்கேயும் போய்விடவில்லை, நூல் தளர்வாகத்தான் இருந்தது, அதை இழுத்துக்கொண்டே சமைத்தார்கள், துருத்தி மிதித்தார்கள், மணி சுற்றினார்கள். ஆனால் ஒருவர் இருமினால் வரிசை முழுக்க இருமியது. ஒருவருக்குத் தாகம் எடுத்தால் எல்லா வீட்டிலும் கை செம்புக்குப் போனது. முழங்கை, காது மடல், விரல் நுனி என்று மெலிந்த இடங்களில் வெயில் பட்டால் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிய ஆரம்பித்தது. சண்டை இல்லை, வம்பு இல்லை, தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. எல்லோரும் நல்லதுதானே என்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நூல் எதிர்சாரியில் தொடங்கி மேல்முனையில் திரும்பி எங்கள் சாரியில் இறங்கி வந்தது, எங்கள் வீடு கடல் பக்கம் கடைசி வீடு. நூல் வருவதற்கு நாளாகும் என்று நினைத்திருந்தேன். மரகதத்தைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு வண்டல் எடுக்கப் போய்விட்டுத் திரும்பினபோது, என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார், முத்தம்மா அக்காவின் நெஞ்சிலிருந்து வந்த நூல் அவர் முதுகுக்குள் போயிருந்தது, நெஞ்சிலிருந்து வெளியே வந்த நுனி படியின் மேல் எனக்காகக் காத்திருந்தது.

"வாசல்லயே நிக்க வெக்கறது மரியாதையான்னு கேட்டுச்சு, சரி வான்னுட்டேன்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. நான் மண் கூடையை இறக்கிவிட்டு அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா."

"சொல்லு."

எனக்குச் சொல்ல வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கோ தெருவின் மேல்முனையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள், என் வீட்டுக்காரரும் விட்டார். மரகதம் அவர் மடியில் ஏறி, "அப்பா, தவளை எப்படி வையும்?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பை அதே நேரத்தில் எதிர்வீட்டு மாணிக்கம் பெரியப்பா முகத்திலும் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஜன்னலிலும் பார்த்தேன். எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டபின் அவருக்கு மிஞ்சினது ரொம்பக் கொஞ்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் முத்தம்மா அக்கா நூலை இழுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்தாள். கையில் ஒரு போக்ஸ் கம்பி, நுனி சிவக்கக் காய்ச்சியிருந்தாள். இன்னொரு கையில் கொட்டாங்குச்சியில் மண்குழம்பு.

"பிள்ளையைப் பிடி" என்றாள்.

"அக்கா, வேணாம்."

"பைத்தியக்காரி, நான் என்ன அவளுக்கு எதிரியா? நாளைக்கு நீயும் நூல்ல போயிடுவ. நூலு நெறைஞ்சா முடிச்சு விழும். முடிச்சு விழுந்த மாலை என்னிக்காவது செஞ்ச இடத்துலயே கிடந்திருக்கா? எல்லாரும் போயிடுவோம்டி. இவளுக்கு யார் சோறு போடுவா? இந்தத் தெருவுல ஒத்தையா, நாய் நரியோட கிடப்பாளா? ஒரு நிமிசம் வலிக்கும். பிடி."

சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டிலும் கனகா பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா சொன்னதில் ஒரு பொய் இல்லை. மரகதத்தை அவளும் தூக்கி வளர்த்தவள்தான்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் வாய் திறந்து நீளமாகப் பேசினேன். "ஆறின கண்ணாடியில கம்பி விட்டா கண்ணு விழுமா அக்கா? விரிசல்தான் விடும். நாம சுத்தறவங்க. நமக்குத் தெரியாதா?"

அக்கா கம்பியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். சிவப்பு மங்கிக் கம்பி கறுத்தது. "அப்ப நீயே ஒரு வழி சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வழி என் கையில்தான் இருந்தது, சின்ன வயதிலிருந்து அதற்காகத்தானே அடி வாங்கியிருக்கிறேன். மண் பூச மறக்காதே, மண் பூச மறக்காதே என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான்.

துருத்தியை மிதித்தேன். தேன் நிறக் கண்ணாடிக் குச்சி ஒன்று, பால் வெள்ளை ஒன்று, பழைய பச்சை பாட்டில் துண்டு ஒன்று. ஒரு கம்பியை எடுத்தேன், மண்ணில் தோய்க்கவில்லை, துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வெறுங்கம்பியாகச் சுடரில் பிடித்தேன். நத்தை ஒன்று சுற்றினேன். மழைக்காலத்தில் சுவரில் ஏறி, வெயில் வந்ததும் வாயை மூடி அப்படியே ஒட்டிக்கொண்டுவிடுமே, அந்த நத்தை. சுருளுக்கு மேல் சுருளாக நத்தைக்கூட்டைப் பிடித்தேன், ஒவ்வொரு சுருளிலும் ஒரு மயிரிழை வெள்ளை ஓடவிட்டேன், வழிசலை வழிய விட்டு அதற்குப் பாதம் வைத்தேன், கொம்பைக் கிள்ளவில்லை, உள்ளே இழுத்துக்கொண்ட கொம்பு, அது இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். நான் பிடித்த உருவங்களிலேயே அதுதான் நல்ல உருவம். பார்க்க ஆளில்லாமல் செய்ததால் அப்படி வந்ததோ என்னவோ.

சாம்பல் சட்டிக்குப் போகவேண்டியதைச் சாம்பலுக்குக் காட்டாமல், பாதம் சிவப்பாக இருக்கும்போதே, கம்பியை என் நெஞ்சின் கண்ணில் விட்டு அழுத்தினேன். கண்ணின் உள்சுவர் கண்ணாடியாக இருந்தது, கண்ணாடி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. திறந்தபோது வலிக்காத கண் அடைபடும்போது வலித்தது, மரகதத்தைப் பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை, நான் கத்தினபோது தெரு முழுக்க ஒரு வாய் கூடத் திறக்கவில்லை, ஏனென்றால் நான் நூலில் இல்லை. சூட்டோடு சட்டென்று ஆறினால் கண்ணாடி வெடிக்கும். வெடிக்கவில்லை. என் உடம்பே அதற்குச் சாம்பல் சட்டியாக இருந்து மெல்ல மெல்ல ஆற்றியது. முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் கொறட்டால் மடக்கிக்கொண்டேன்.

நூல் நுனி வந்து பார்த்தது. நத்தையின் மேல் ஈரமாக ஒரு சுற்றுச் சுற்றியது, தடவியது, இந்தப் பக்கம் தேடியது, முதுகுப் பக்கம் போய்த் தேடியது, திரும்பப் படிக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

தெரு மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்தது. கோபமாக வரவில்லை. கம்பி பிடித்த மணியை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உடைச்சிடலாம் பவளம், உடைச்சாத்தான் கம்பி வரும், கம்பி வந்தாத்தான் நீ வருவ, நீ வந்தாத்தான் முடிச்சு விழும்" என்று எல்லோரும் ஒரே குரலில், ரொம்பப் பிரியமாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் அதில் இருந்தார், அவர் குரல் எது என்று பிரித்தெடுக்க முயன்றேன், முடியவில்லை. நான் சுத்தியலை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடி, பானை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மரகதம் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் வெகுநேரம் நின்றார்கள், பிறகு யாருக்கோ கால் வலித்தது போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் அவர்கள் வீடுகளுக்குப் போகவில்லை. வரிசையாக முகத்துவாரத்துக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். துருத்திகள் ஓய்ந்துவிட்டன. கடல் ஓதம் வடியும்போது நூல் விறைக்கிறது, ஓதம் ஏறும்போது தளர்கிறது. முடிச்சு விழாத நூலைத் தூக்கினால் மணியெல்லாம் சிந்திவிடும், அது தூக்குகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால் காத்திருக்கிறார்கள். வெயில் நேரத்தில் இங்கிருந்து பார்த்தால் தண்ணீர் ஓரம் முழுக்கப் பச்சையும் சிவப்பும் நீலமுமாக மினுக்குகிறது. கண் கூசுகிறது, அழகாகவும் இருக்கிறது. காற்று திரும்பும்போது, "பவளம், வந்துடு" என்று கேட்கிறது.

கேட்டுக்கொண்டே கம்பி தோய்க்கிறேன். எனக்குக் கண் அடைபட்டுவிட்டது, அவளுக்குக் கண்ணே இல்லை, கோக்க லாயக்கில்லாத இரண்டு மணி வாசலில் கிடந்தால் கிடக்கட்டுமே, கோலி ஆடக்கூடத் தெருவில் ஆளில்லை. அரிசி இருக்கிறது, வண்டல் இருக்கிறது, எல்லா வீட்டிலும் கண்ணாடிக் குச்சி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவளுக்கு ஒரு பண்ணை முழுக்கச் செய்து கொடுக்கப்போகிறேன், ஆடு, மாடு, வாத்து, பேசுகிற தவளை. அவள் கொல்லையில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். முந்தாநாளிலிருந்து நெஞ்சைச் சொறிந்துகொண்டே இருக்கிறது பிள்ளை, இந்தப் புழுக்கத்துக்கு வேர்க்குரு வராமல் என்ன செய்யும், காலையில்தான் பவுடர் போட்டுவிட்டேன். கவுன் முன்பக்கமெல்லாம் வெள்ளையாக மண் தூள், குழம்புச் சட்டியில் கை விட்டாயா என்று ஒரு அடி வைத்தேன், "நான் தொடவே இல்லம்மா" என்று அழுதாள், பொய் சொல்லாதே என்று இன்னொன்று வைத்தேன், பாவம், சாயங்காலம் அதற்கு ஒரு வாத்து செய்து கொடுத்தால் சரியாகிவிடும்.

கடற்காற்று எழுந்துவிட்டது. எங்கேயோ ஊதுகிறது, கீச்சுக் குரலில், விட்டு விட்டு. தெருவில் ஊத யார் இருக்கிறார்கள், நான்தான் அடைத்துக்கொண்டேனே, வேலியில் காய்ந்த பீர்க்கங்கூடு எதிலாவது காற்று புகுந்திருக்கும். படியில் சுருண்டிருந்த நூலைக் காணோம், காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும், போகட்டும், இந்தக் கம்பியைத் தோய்த்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தால் போகிறது, பதம் இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது, இதைக் காயவைத்துவிட்டு முதலில் வாத்துதான் செய்ய

"அம்மா! அம்மோவ்! இங்க வந்து பாரேன்! நான் ஊதவே இல்லம்மா, தானா ஊதுது! எனக்கும் கண்ணு தொறந்துடுச்சு!"

இதோ வர்றேன் கண்ணு, அசையாதே, அங்கேயே நில்லு, முதுகைத் திருப்பாதே, அந்த நுனியைத் தொடாதே, அம்மா இல்லாம போயிடாதே, கொஞ்சம் நிக்கச் சொல்லு அதை, அம்மாவும் வர்றேன், அரிசிப் பானையிலேர்ந்து சுத்தியலை